நாக்கில் ஏறிய பெயர்

சகாயிங் குன்று
11 ஜூன் 1984

மா நுவே ஊ,

மடத்துக்கு அரிசி மூட்டை இறக்க வந்த லாரிக்காரர் ஒருவரிடம் உன் முகவரி கிடைத்தது. உன் கணவர் பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. திரும்பி வரச் சொல்லியும் எழுதவில்லை. தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள் உன் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. மடத்தின் தலைவி என்ற முறையில் ஸயாஜி எல்லோரையும் கூப்பிட்டிருக்கலாம். என்னை மட்டும்தான் கூப்பிட்டார். "எங்க போனா?" என்றார். தெரியாது என்றேன். "உனக்குமா தெரியாது?" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. உன் இளஞ்சிவப்பு உடுப்புகளைத் துவைத்துப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பாடம் நிற்கிறது.

சிறுமிகளாக வந்த நம் இருவரையும் முதுகோடு முதுகு உட்கார வைத்து, ஒரு பகுதி நீ, அடுத்த பகுதி நான் என்று மாற்றி மாற்றிப் புத்தர் மொழிந்த நூலை ஓத விட்டார்கள். அப்படியே வளர்ந்துவிட்டோம். எனக்கு எல்லாப் பகுதியும் தெரியும். உன்னுடையதும் தெரியும். ஆனால் என் பகுதி முடிந்ததும் வாய் நின்றுவிடுகிறது. எதற்காக நிற்கிறேன் என்று பல நாள் புரியவில்லை. நீ மூச்சு இழுக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். அது வராததால் உன் பகுதியின் முதல் சொல்லும் வருவதில்லை. புத்தகத்தில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டால் மீதி தானாக ஓடுகிறது. தேர்வு மண்டபத்தில் புத்தகம் கிடையாது.

டிசம்பரில் மாண்டலேயில் தேர்வு. முழுப் பாடத்தையும் தனியாக ஓத வேண்டும். தேறாவிட்டால் என்னை ஊர் ஊராகப் போய் அரிசி சேகரிக்கும் வேலைக்கு அனுப்பிவிடுவதாக ஸயாஜி சொல்லியிருக்கிறார். ஓதும் அறையில் எனக்கு இடம் இருக்காது.

நீ எதை நினைத்துத் தொடங்குவாய்? அதை மட்டும் எழுது.

கேமாசாரி


புடலின்
2 ஜூலை 1984

வணக்கத்துக்குரிய ஸயாலே கேமாசாரி அவர்களுக்கு நுவே ஊ பணிந்து எழுதுவது.

தங்கள் கடிதத்தை வாங்கியது என் மாமியார் டோ ஷ்வே மி. அவருக்குப் படிக்கத் தெரியாது. துறவிப் பெண் எழுதியது என்றதும் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "சத்தமாப் படி, நானும் கேட்கிறேன்" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் நலமா, மழை உண்டா, மனம் அமைதியாக இருக்கட்டும் என்று ஒரு கடிதத்தை அந்த இடத்திலேயே கட்டிப் படித்தேன். "எவ்வளவு அன்பா எழுதுறாங்க" என்று அவர் கண் கலங்கிவிட்டார். தாங்கள் உண்மையில் எழுதியிருந்ததை மாட்டுக் கொட்டகையில் போய்ப் படித்தேன்.

நான் எதையும் நினைத்துத் தொடங்குவதில்லை ஸயாலே. தங்கள் கடைசிச் சொல் விழுந்ததும் என் வாய் திறந்துகொள்ளும். இப்போதும் திறந்துகொள்கிறது, அதுதான் இங்கே தொல்லை. நான் முளைகட்டிய பட்டாணி அவித்து, விடியற்காலையில் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்கிறேன். "பட்டாணீ, அவிச்ச பட்டாணீ" என்று கூவ வேண்டும். இரண்டு தெரு தாண்டினால் பாடம் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு கிழவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பட்டாணி வாங்காமல் போய்விட்டார். மிளகாய் இடிக்கும்போது பாடத்தை முணுமுணுத்தால் மாமியார், "என்னையா திட்டுறே?" என்கிறார்.

தங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்பதும் விடுவதும் தங்கள் விருப்பம். தாங்கள் எப்போதும் பகுதியின் தலையிலிருந்து ஓதுகிறீர்கள். அதைக் கொஞ்ச நாள் விடுங்கள். பகுதிகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, மூட்டுகள்தான் கழன்றிருக்கின்றன. தங்கள் பகுதியின் கடைசி இரண்டு வரி, என் பகுதியின் முதல் இரண்டு வரி, இந்த நாலையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தண்ணீர் இறைக்கும்போது ஒரு மூட்டு, கூட்டும்போது ஒரு மூட்டு. ஒன்றைச் சொன்னதும் வேறு வேலைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து புத்தகம் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கொஞ்சம் தவியுங்கள். தவித்து வருவது தங்கும்.

இவர் நலம். வாரத்தில் பாதி நாள் கடலை மூட்டையோடு மோன்யுவாப் பக்கம் போய்விடுகிறார்.

நுவே ஊ


சகாயிங் குன்று
19 அக்டோபர் 1984

நுவே,

"தாங்கள்" என்று எழுதாதே. என் முதுகில் சாய்ந்து தூங்கி எச்சில் ஒழுக விட்டவள் நீ.

மூட்டுப் பயிற்சி பலித்தது. மழைக்காலம் முழுக்கச் செய்தேன். நம் பாடத்தில் ஒரே சொற்றொடர் எத்தனையோ இடங்களில் வந்து ஒவ்வோர் இடத்திலும் வேறு பக்கம் பிரியும் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பிரிவுகளில்கூட இப்போது நிற்பதில்லை. ஆனால் உன் பகுதி தொடங்கும்போது உன் குரலில்தான் கேட்கிறது. ஸயாஜியிடம் சொன்னேன். "ஓடிப்போனவ குரலை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓதுவே?" என்றார்.

இந்த ஆண்டு தேர்வுக்குப் போகவில்லை. காரணம் வேறு.

புத்தகம் பிடித்துச் சரிபார்க்க பன்யாசி என்ற பெண்ணை எனக்குக் கொடுத்தார்கள். பதினாறு வயது, உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில், "ஸயாலே, ஒரு வரி விட்டுட்டீங்க" என்றாள்.

"புத்தகத்தை ஒழுங்காப் பிடி" என்றேன்.

"ஒழுங்காத்தான் பிடிச்சிருக்கேன். இதோ இருக்கு வரி. நீங்க தாண்டிப் போறீங்க."

புத்தகத்தில் பிழை என்று வாதம் செய்தேன். அவள் போய் வேறு இரண்டு பதிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து ஓதும் மாலைப் பாடத்தில், ஐந்தாம் பகுதியில், சிறுமிகளாக இருந்த காலத்திலிருந்து ஒரு வரியை விட்டு ஓதிக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தாண்டியதால் யாருக்கும் உறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் ஓதி ஓதி அந்தப் பிழையைக் கல்லாக்கி வைத்திருக்கிறோம்.

அது உன் பகுதி. முதலில் தாண்டியவள் நீதான்.

கேமாசாரி


புடலின்
25 நவம்பர் 1984

ஸயாலே,

"தாங்கள்" என்று எழுதக் கூடாது என்றால் "நீங்கள்" என்று எழுதுகிறேன். "நீ" வரவில்லை. பட்டாணி விற்கிற கையால் துறவிப் பெண்ணை "நீ" போட்டு எழுதினால் அடுத்த பிறவியில் பட்டாணிப் புழுவாகத்தான் பிறப்பேன்.

விடுபட்ட வரியைப் பற்றிப் படித்ததும் தட்டை இறக்கி வைத்துவிட்டு ஓதிப் பார்த்தேன். உண்மைதான், வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அதை நான்தான் முதலில் விட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்தாம் பகுதி படித்த வருடம் எனக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு மாதம் தனியாகக் கிடந்தேன். திரும்பி வந்தபோது அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மடத்துப் பூனையா?

சரி, விடுங்கள். யார் விட்டது என்று இனி எப்படித் தெரியும்?

ஏன் சொல்லாமல் போனாய் என்று நீங்கள் இரண்டு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். இவர், கோ சான் வின், அப்போது நம் குன்றுக்கு மூட்டை கொண்டு வருவார். படிக்கட்டில் ஒரு முறை என் செருப்பு அறுந்தது, கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான், பெரிய கதை எதுவும் இல்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் என்னைத் திட்டியிருக்க மாட்டீர்கள். பேசாமல் இருந்திருப்பீர்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை.

சித்திரை மாதம் வாக்கில் குழந்தை பிறக்கும்.

நுவே ஊ


புடலின்
9 பிப்ரவரி 1985

கேமா,

லாரி சரிவில் இறங்கும்போது சறுக்கியது. அவர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். தலை கல்லில் பட்டது. மோன்யுவா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. இப்போது திறந்திருக்கிறார். அம்மாவைத் தெரிகிறது, என்னைத் தெரிகிறது. எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறார். சொல்கிறேன். தலையாட்டுகிறார். தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறார்.

நீ எனக்காக ஓது. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நுவே


சகாயிங் குன்று
20 பிப்ரவரி 1985

நுவே,

ஓதினோம். மடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஸயாஜியும் உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஸயாஜியிடம் பேசினேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். தண்டனை எதுவும் இல்லை. குழந்தை பிறந்ததும் உன் மாமியாரிடம் விட்டுவிட்டு வரலாம். பேரக் குழந்தையை அவர் வளர்ப்பார். மகனையும் அவர்தான் பார்த்துக்கொள்வார், அவருடைய மகன்தானே. உன்னால் அங்கே பட்டாணி விற்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? இங்கே உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. புத்தகம் பிடிக்க ஆள் வேண்டும்.

யோசித்து எழுது.

கேமாசாரி


புடலின்
14 மே 1985

ஸயாலே கேமாசாரி அவர்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம். குழந்தையை விட்டுவிட்டு வா என்று எழுதியபோது தங்கள் கை கொஞ்சமாவது தயங்கியதா என்று கேட்க நினைத்தேன். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "உன் இடம்" என்ற சொல்லுக்கு முன்னால் எதையோ எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. தயங்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வர மாட்டேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

பெண் குழந்தை. புதன்கிழமை மதியத்துக்குப் பிறகு பிறந்தாள், அந்தக் கிழமைக்கு ஏற்ற எழுத்தில் யமின் என்று பெயர் வைத்தோம். இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார், பழைய பாட்டெல்லாம் பாடுகிறார். லாரியில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். விபத்துக்கு முன்னால் நடந்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. பின்னால் வருவதுதான் நிற்பதில்லை, ஓட்டைப் பானையில் ஊற்றுவது போல.

குழந்தை விபத்துக்குப் பிறகு வந்தவள்.

தினமும் காலையில் தொட்டிலைப் பார்த்து, "யாரு குழந்தை இது?" என்கிறார்.

"நம்ம குழந்தைதான்."

"நமக்கா? எப்போ?" முகம் எப்படி மலர்கிறது தெரியுமா? எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். நான் பட்டாணிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வருகிறேன். "பக்கத்து வீட்டுக்காரங்க குழந்தையை இங்க விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்கிறார்.

மாமியார் மறைவில் அழுகிறார். என்னிடம், "நீ மடத்துல அத்தனை பெரிய பாடத்தையே தலையில ஏத்தினவ. இவன் தலையில ஒரு பேரை ஏத்த முடியாதா?" என்றார்.

குன்றில் சின்னப் பெண்களுக்கு முதல் பாடம் ஏற்றும் வேலை தங்களுடையது. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று ஸயாஜி என்னிடம் கொடுக்கவே இல்லை. எப்படிச் செய்வீர்கள்? எழுதுங்கள்.

நுவே ஊ


சகாயிங் குன்று
28 மே 1985

நுவே,

எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். முதலில் "யமின் உன் மகள்" என்பது மட்டும். மற்ற எதையும் சேர்க்காதே.

முதலில் நீ சொல். உடனே அவர் சொல்லட்டும். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் விட்டு, குழந்தையைக் காட்டிக் கேள். சரியாகச் சொன்னால் அடுத்த முறை அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் விட்டுக் கேள். அதிலும் சொன்னால் மறுபடி இரண்டு மடங்கு. பிறகு ஒரு சாப்பாட்டு நேரம், பிறகு ஒரு தூக்கம். எங்கே தவறுகிறாரோ அங்கிருந்து முந்தைய இடைவெளிக்குத் திரும்பு. தவறியதைப் பெரிதாக்காதே, முகத்தில் காட்டாதே. தூக்கத்தைத் தாண்டினால் பாதி வேலை முடிந்தது.

முக்கியமானது இது. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒருபோதும் சொல்லாதே. அவர் தயங்கினால் நீயே சொல்லிவிடு. எனக்கு நீ தவிக்கச் சொல்லி எழுதினாய், அது ஏற்கெனவே தெரிந்தவளுக்கு. உள்ளே ஒன்றும் இல்லாதவரைத் தவிக்க விட்டால் எதையாவது பிடித்துக்கொண்டு வருவார். அப்படி வந்தது உட்கார்ந்துவிடும். சரியோ தவறோ, திரும்பச் சொன்னது தங்கும். நம் ஐந்தாம் பகுதியை நினைத்துக்கொள்.

அவர் கையைக் குழந்தையின் கையில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல். சின்னப் பெண்களுக்குக் கையைத் தட்டித்தான் ஏற்றுவோம்.

நான் அந்த வரியோடு போராடிக்கொண்டிருக்கிறேன். மெதுவாக ஓதினால் வருகிறது. வேகம் எடுத்தால் வாய் பழைய வழியில் ஓடிவிடுகிறது.

அடித்தது என்ன என்று கேட்காதே.

கேமாசாரி


புடலின்
3 செப்டம்பர் 1985

கேமா,

இனி "நீ"தான். பட்டாணிப் புழுவாகப் பிறந்தால் பிறந்துவிட்டுப் போகிறேன்.

உன் கடிதம் ஜூலை மாதம்தான் வந்தது. ஆற்றில் வெள்ளம், தபால் பை எங்கேயோ நனைந்து கிடந்திருக்கிறது, உறையில் சேற்று வாசம். அதற்குள் நான் பொறுக்க முடியாமல் என் வழியில் தொடங்கிவிட்டேன். நீ செய்யாதே என்று எழுதியிருப்பதை எல்லாம் செய்தேன்.

தினமும் குழந்தையை எதிரில் வைத்துக்கொண்டு, "பேர் என்ன? நல்லா யோசிங்க, உங்களுக்குத் தெரியும்" என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். பாவம், நெற்றியெல்லாம் வியர்க்கும். ஒரு நாள் முகம் தெளிந்தது.

"கின் லே" என்றார்.

"யாரு கின் லே?"

"இவதான். என் பொண்ணு கின் லே."

கேமா, அவர் என் பொண்ணு என்று சொன்னது அதுதான் முதல் முறை. நான், "இல்லை, யமின்" என்று திருத்தினேன், ஆனால் சந்தோஷத்தில் அழுத்தித் திருத்தவில்லை. மறுநாள் காலையில் எழுந்து தொட்டிலைப் பார்த்தார். யார் குழந்தை என்று கேட்கவில்லை. "கின் லே முழிச்சுக்கிட்டா" என்றார்.

பிறகு உன் கடிதம் வந்தது. வெற்றிலை, இரண்டு மடங்கு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் நீ சொன்னபடியே செய்து வருகிறேன். மற்ற காரியங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. கிணற்றுக்குப் போய் வருகிறார். அடுப்பை அணைக்க வேண்டும் என்பது நிற்கிறது. விபத்து நடந்தது என்பதைக்கூட இப்போது அவரே சொல்கிறார். பெயர் மட்டும் அசையவில்லை. மதியம் யமின் என்று சொல்ல வைத்தால் மாலையில் கின் லே.

எனக்கு இன்னொரு கவலையும் வந்தது, உன்னிடம் சொல்ல வெட்கம் என்ன. லாரியில் போகிறவர்களுக்கு ஊருக்கு ஒருத்தி இருப்பாள் என்பார்கள். அவருடைய கூட்டாளி கோ ந்யோவிடம் போய்க் கேட்டேன். "கின் லேன்னு எவளாவது உண்டா? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "உன் புருஷன் டீக்கடையில பொண்ணு வந்து காசு வாங்கினாலே தலையைக் குனிஞ்சுக்குவான். ஒருத்தி இருந்திருந்தா நான் அவனுக்கு விருந்து வச்சிருப்பேன்."

மாமியாருக்கும் தெரியவில்லை. அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒருத்தி இல்லை. "கின் லே திங்கட்கிழமைக்காரங்க பேரு. புதன்கிழமைப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கூப்பிட்டா கிரகம் கோபிச்சுக்கும்" என்று பயப்படுகிறார். எங்கிருந்தோ வந்தது, அவ்வளவுதான். நம் வரி எங்கே போனது என்று தெரியாதது மாதிரி.

நுவே


சகாயிங் குன்று
17 ஜனவரி 1986

நுவே,

தேறிவிட்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். மேடையில் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அடி எடுத்துக் கொடுக்கும் ஒருவர். ஒரு நாள் முழுக்க ஓத வேண்டும், மதிய உணவுக்கு மட்டும் இடைவேளை. ஐந்தாம் பகுதிக்கு வந்தபோது வாய் காய்ந்திருந்தது. அந்த இடத்துக்கு ஒரு சொல் முன்னால் நிறுத்தினேன். வரியை ஓதினேன். கடந்தேன். அந்த நிம்மதியில் எட்டாம் பகுதியில், இதுவரை ஒருநாளும் தடுமாறாத இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார்கள். அது மன்னிக்கப்படும் அளவுக்குள்தான். மாலையில் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். பன்யாசி அழுதாள். ஸயாஜி, "சாப்பிட்டியா?" என்றார்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் கவனித்தேன். நாள் முழுக்க உன் குரல் கேட்கவே இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

இப்போது உன் விஷயம். பதிந்த பிழையை எடுக்க முடியும். நான் எடுத்துவிட்டேன், அதனால் சொல்கிறேன். சரியானதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மட்டும் போதாது. பழைய வழி அப்படியே கிடக்கும், அவசரத்தில் கால் அதில்தான் போகும். வழி பிரியும் இடத்துக்கு முன்னால் நிற்கப் பழக வேண்டும். அவர் குழந்தையைப் பார்த்து வாய் திறப்பதற்கு முன்னால் நீ அவர் கையைப் பிடித்து நிறுத்து. நீ "ய" என்று மட்டும் சொல். அவர் முடிக்கட்டும். கின் லே என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஒரு முறை வந்தாலும் ஒரு வாரம் பின்னால் போகும். இப்படி நின்று பழக எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அவருக்குக் கூடுதலாக ஆகலாம். ஆனால் முடியும்.

வேண்டுமானால் ஸயாஜியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நானே சில நாள் அங்கே வந்து தொடங்கி வைக்கிறேன்.

கேமாசாரி


புடலின்
22 மார்ச் 1986

கேமா,

உன் பெயர் வந்த பத்திரிகையைக் கோ ந்யோ மோன்யுவாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அதைப் புத்தர் அலமாரிக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க மருமகளோட முதுகுல சாய்ஞ்சு படிச்சவங்க" என்கிறார். நான்தான் சாய்ந்தேன் என்று திருத்தவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே தொடங்கினோம். வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவைத்தார். நான் கையைப் பிடிப்பேன், "ய" என்பேன், அவர் "மின்" என்பார். மூன்று வாரத்தில் காலை முதல் மதியம் வரை தாங்கியது. நீ சொன்னது சரி, முடியும்தான்.

அதற்குள் வேறொன்று நடந்தது.

குழந்தை இப்போது தவழ்கிறாள். அன்றைக்கு அவள் வாசல் படியோரம் போய்விட்டாள். மாமியார் உள்ளேயிருந்து, "யமின், யமின்" என்று கத்தினார். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் தட்டோடு தெருவில் வந்துகொண்டிருந்தேன், நானும் கூப்பிட்டேன். அவள் பாட்டுக்குப் படியில் கையை வைத்தாள். இவர் கூரை நிழலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார், "கின் லே, இங்க வா." அவள் உடனே திரும்பினாள். சிரித்துக்கொண்டு அவரிடம் தவழ்ந்து போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் தட்டை அங்கேயே இறக்கி வைத்தேன்.

யோசித்துப் பார் கேமா. நான் விடியற்காலையில் பட்டாணிக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவேன். மாமியார் எண்ணெய்ச் செக்குக்கு வேலைக்குப் போகிறார். நாள் முழுக்க அவளோடு இருப்பவர் இவர் ஒருவர்தான். வேறு எதுவும் நினைவில் நிற்காததால் அவளைத்தான் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கின் லே பசிக்குதா, கின் லே தூங்கு, கின் லே பாரு காக்கா. நீயும் நானும் வரி ஓதியது போல. நாங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டார்.

இப்போது எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரிடமிருந்து எடுக்க வேண்டும். இன்னும் பேசவே தொடங்காத ஒருத்தியிடமிருந்து, அவள் முதலில் கற்றுக்கொண்ட சொல்லை. உன் பாடத்தில் ஒரு வரி விடுபட்டால் அது பிழை, அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும், நீ செய்தாய். இது அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றியது. மாமியாரிடம் சொன்னபோது, "கிரகத்துக்கு வேணும்னா நான் தினம் விளக்கு வைக்கிறேன். என் மகன் கூப்பிட்டா அவ வரணும்" என்றார்.

நீ இங்கே வருவதென்றால் வா, பயிற்சி கொடுக்க வேண்டாம். பன்யாசியையும் அழைத்து வா, தூங்க இடம் இருக்கிறது.

நேற்று நகர மன்ற அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் பிறந்த கிழமையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"நல்ல பேராத்தானே வச்சிருக்கீங்க, கிழமைக்கும் பொருந்துது. எதுக்கு மாத்தணும்? காரணம்னு என்ன எழுத?"

"இந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்னு எழுதுங்க" என்றேன்.

பேனா மூடியைத் திறந்தார். பிறகு அப்படியே எழுதினார்.

நுவே